பூட்டிய அறையுடன் வாடகைக்கு

சைகோனில் அந்த வருடங்களில் வீடு தேடுகிறவர்களைக் கண்டுபிடிக்க எந்தச் சாமர்த்தியமும் வேண்டியிருக்கவில்லை. அவர்களே வந்தார்கள். காலையில் அலுவலகத்தின் இரும்புக் கதவை மேலே தள்ளும்போதே யாராவது ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நடைபாதையில் நிற்பார். சாலை போட வந்த இன்ஜினியர், செய்தி அனுப்ப வந்த பத்திரிகைக்காரர், கப்பல் கம்பெனியின் கணக்கர் என்று பல நாட்டுக்காரர்கள் வந்தார்கள். ஹோட்டல் அறை அலுத்துப்போய், ஒரு சமையலறையும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள வீடு கிடைத்தால் போதும் என்றிருந்தார்கள். கொடுக்கத்தான் வீடு இல்லை. அதனால் எங்கள் தொழிலில் 'பார்ட்டி' என்றால் வீடு கேட்டு வருகிறவர் அல்ல, வீடு வைத்திருப்பவர். இத்தனை பெரிய நகரத்தில் யார் தன் வீட்டை வாடகைக்கு விடலாமா என்று யோசிக்கிறார் என்பதை, அவர் வெளியே சொல்வதற்கு முன்னால் தெரிந்துகொண்டவர்தான் பிழைத்தார்.

எங்கள் முதலாளி காரைக்கால்காரர். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் வந்தவர். எல்லோரும் அவரை 'முசியே', பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படித்தான். ஊருக்குத் திரும்பிப்போன செட்டியார்கள் சிலர் தங்கள் வீடுகளை அவர் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அவற்றை வாடகைக்கு விட்டு, வெள்ளையடித்து, ஓடு மாற்றி அவர் காலத்தை ஓட்டினார். பிறகு செட்டியார்கள் ஒவ்வொருவராக வீட்டை விற்கத் தொடங்கினார்கள். சாவிகள் தொங்கும் பலகையில் வெறும் ஆணிகள் கூடிக்கொண்டே போயின.

நான் அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் கட்டணச் சலுகையில் படித்த பிரெஞ்சு, நாங்கள் குடியிருந்த கான் ஹொய் சந்தில் விளையாடிப் பழகிய வியட்நாமிய மொழி, மாலை வகுப்பில் கற்ற ஆங்கிலம், வீட்டுத் தமிழ். நான்கும் தெரிந்த டைப்பிஸ்ட் அந்தத் தெருவில் வேறு யாரும் இல்லை. இதைச் சொல்ல நான் என்றைக்கும் கூச்சப்பட்டதில்லை. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பேனா பிடித்ததில்லை. அப்பா விரல் ரேகைதான் வைப்பார். அம்மா நோட்டின் நிறத்தைப் பார்த்துத்தான் பணத்தின் மதிப்பைச் சொல்வாள். படித்தவளுக்கு இழுப்பறை வைத்த ஒரு மேசை வேண்டும், அதன் எதிரே வந்தவர்கள் உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்பது என் தீர்மானம். டைப்பிஸ்டின் மேசைக்கு எதிரே நாற்காலி கிடையாது.

ஒருநாள் முசியேயிடம் கேட்டே விட்டேன். அவர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"டைப் அடிக்கிறது வேற, வீடு புடிக்கிறது வேறம்மா. தெத்துக்குள்ள நீயா ஒரு வீடு கொண்டா. ஒண்ணு போதும். மேசை போட்டு, ஒன் பேருல கார்டும் அடிச்சுத் தர்றேன்."

கொண்டுவர முடியாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"டைப் அடி. அதுவும் கெட்ட வேலை இல்ல."

தெத் என்பது சந்திர வருடப் பிறப்பு. ஊரே கடையை மூடிவிட்டுக் கொண்டாடும் பண்டிகை. அதற்குச் சில மாதங்கள் இருந்தன. மதிய உணவு நேரத்திலும் வேலை முடிந்த பிறகும் நான் தெருத்தெருவாகப் போனேன். நல்ல தெருக்களாகத் தேர்ந்தெடுத்தேன். தோட்டமும் இரும்பு கேட்டும் உள்ள வீடுகள், மாடி ஜன்னல்கள் நெடுநாளாகத் திறக்காத வீடுகள். ஆவ்யாய் என்னும் அந்த ஊர் நீள அங்கியை நன்றாகத் தேய்த்து உடுத்திக்கொண்டு, கையில் ஒரு ஃபைலுடன் கேட்டருகே நின்று மணியடிப்பேன். சொல்ல வேண்டியதை வியட்நாமிய மொழியில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதைச் சொல்ல ஒரு கேட்டிலும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஜன்னல் திரை விலகும். ஒரு முகம் எட்டிப் பார்க்கும். திரை மூடிக்கொள்ளும். பிறகு மணியை எத்தனை தடவை அடித்தாலும் வீட்டில் ஆளே இல்லாததுபோல் இருக்கும். ஏன் என்று முதலில் புரியவில்லை. ஒரு வீட்டில் ஓர் அம்மாள் உள்ளிருந்தபடியே குரல் கொடுத்தபோதுதான் விளங்கியது.

"நாங்க எந்தச் செட்டிகிட்டயும் கடன் வாங்கல. எதிர் வீட்டுல கேளு."

எதிர் வீட்டுக்குப் போனேன். அங்கே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் ஓசைதான் கேட்டது.

வட்டிக்குக் கொடுக்கும் செட்டியார்கள் ஊரைவிட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் கறுத்த முகம் ஒன்று கையில் காகிதத்துடன் வாசலில் நின்றால், தாத்தா வாங்கிய கடனுக்கு வந்திருக்கிறது என்ற பயம் அந்தத் தெருக்களில் அப்படியே இருந்தது. நான் எவ்வளவு திருத்தமாக உடுத்திப் போனேனோ அவ்வளவுக்கு அதிகமாக வசூலுக்கு வந்தவள்போலத் தெரிந்திருப்பேன். அலுவலகத்தில் இதைச் சொன்னபோது முசியே கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, இதனால்தான் தானும் கேட்டுக்குக் கேட்டு போவதில்லை என்று ஒப்புக்கொண்டார். அவர் செய்ததெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்து காத்திருப்பதுதான். காத்திருந்து மேசை வாங்க எனக்கு நேரம் இல்லை.

அப்பா மத்தியச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் முஸ்லிமின் துணிக்கடையில் வேலை பார்த்தார். கப்பலில் வரும் துணிக்கட்டுகளை இறக்குவதும் ஏற்றுவதும் கடையைக் காவல் காப்பதும் அவர் வேலை. ஒரு சனிக்கிழமை அவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வியட்நாமியப் பெண் உள்ளே வந்தாள். என்னைக் கடைக்காரியென்று நினைத்து, ஜன்னல் திரைக்குத் துணி வேண்டும் என்றாள். எத்தனை ஜன்னல் என்று கேட்டேன், ஏதோ கேட்க வேண்டுமே என்று. அவள் சொல்லத் தொடங்கினாள். முன்னறையில் இரண்டு, மாடியில் தெருப்பக்கம் இரண்டு, பின்னால் ஒன்று. பழைய வீட்டில் இத்தனை வெயில் கிடையாது. மாமியாரோடு இருக்க முடியாமல்தான் இந்த வீட்டுக்கு வந்தோம். மாமியார் இப்போது அத்தனை பெரிய வீட்டில் தனியாகக் கிடக்கிறாள், கிடக்கட்டும்.

நான் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். என் முகத்தைப் பார்த்து அவள் துளியும் மிரளவில்லை. அந்த ஊரில் துணி விற்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்தான். துணிக்கடையில் கறுத்த முகம் இருந்துதான் ஆக வேண்டும், இல்லாவிட்டால்தான் சந்தேகப்படுவார்கள். அதே முகம், அதே நான். கேட்டுக்கு வெளியே நின்றால் வட்டி, துணி மேசைக்குப் பின்னால் நின்றால் நம்பிக்கை. இந்த ஊரில் வீடு மாறுகிற பெண் முதலில் வாங்குவது திரைத்துணி. ஜன்னல் எண்ணிக்கை சொன்னால் வீட்டின் அளவு தெரிந்துவிடும். அவள் விட்டுவந்த பழைய வீடு என்ன ஆயிற்று என்று கேட்பதுகூட அங்கே வம்பாகத்தான் படும், தொழிலாகப் படாது.

சனிக்கிழமைகளில் சம்பளம் இல்லாமல் துணி அளந்து கொடுக்கிறேன் என்று கடை முதலாளியிடம் கேட்டேன். பாய்க்குச் சந்தோஷம். பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசுகிற பெண் கடையில் நிற்பது அவருக்குப் பெருமை. அப்பாவுக்கு மட்டும் முகம் இறுகிவிட்டது. அன்று சாயங்காலம் பாலத்தின்மேல் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். கான் ஹொய் பக்கம் இறங்கியதும் நின்றார்.

"துணி கிழிக்கவா ஒன்னப் படிக்க வச்சேன்?"

"கிழிக்கல அப்பா. பார்ட்டி புடிக்கிறேன்."

"பார்ட்டியோ பாட்டியோ. நான் நிக்கிற எடத்துல நீ நிக்கக் கூடாதுன்னுதான் அந்தக் கன்னியாஸ்திரீங்க வாசல்ல போயி நின்னேன். இப்ப நீ அதே எடத்துல வந்து நிக்கிற. கடையில இருக்கறவன்லாம் என்னயப் பாத்துச் சிரிக்கிறான்."

எனக்கும் அது பிடித்த வேலையாக இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை. மேசை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அப்பா பல வாரங்கள் சனிக்கிழமைகளில் என்னைப் பார்க்காதவர்போலக் கட்டுகளைச் சுமந்துகொண்டு போனார். முழங்கோல் எட்டவில்லையென்றால் மட்டும் பேசாமல் எடுத்து என் பக்கம் வைப்பார்.

திரைத்துணி வாங்க வந்தவர்களிடமிருந்து நிறைய வீடுகளைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ஒன்றும் கைகூடவில்லை. முதலில் வந்த பெண்ணின் மாமியாரைப் போய்ப் பார்த்தேன். மகன் எப்படியும் திரும்பி வருவான் என்று சொல்லி என்னை இஞ்சி மிட்டாய் தின்னவைத்து அனுப்பினாள். இன்னொரு வீட்டைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். மற்றொன்றுக்கு நான் போனபோது காப்பிக்கடையில் உட்கார்ந்து வீடு பிடிக்கும் தரகர்கள் முந்திக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் கேட்டுகள் திறந்தன. 'துணிக்கடைப் பெண் வந்திருக்கிறாள்' என்று உள்ளே அழைத்து உட்காரவைத்தார்கள். அதுவே எனக்குப் பெரிய முன்னேற்றமாகத் தெரிந்தது.

தெத்துக்கு ஆறேழு வாரம் இருக்கும். ஒரு பெண் கடைக்கு வந்து முரட்டு வெள்ளைத் துணி கேட்டாள். வலைபோல நெய்த, ஓரம் மடிக்காத துணி அது. அதை வியட்நாமியர்கள் துக்கத்துக்கு மட்டுமே வாங்குவார்கள். கிழித்துத் தலையில் கட்டிக்கொள்வார்கள். கடையில் அந்தத் துணியை அளக்கும்போது யாரும் பேச மாட்டார்கள். நானும் பேசாமல் அளந்தேன். அவளுக்கு என் சித்தி வயது இருக்கும். எத்தனை தலைக்கு என்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது.

தனக்கும், இரண்டு பெண்களுக்கும், ஒரு பையனுக்கும் என்றாள். பையனுக்குச் சிறியதாகப் போதும் என்றாள்.

திரைத்துணியைக் கொண்டு ஒரு வீட்டில் எத்தனை ஜன்னல் என்று தெரிந்துகொள்ளலாம். இந்தத் துணியைக் கொண்டு அந்த வீட்டில் இனி எத்தனை பேர் என்று தெரிந்துவிடுகிறது. பாய் விலாசம் கேட்டார், மிச்சத் துணியைக் கொடுத்தனுப்ப. அவள் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் மணியடித்து, தாழ்ப்பாள் ஓசை கேட்டுத் திரும்பிய எதிர் வீடு அது. மாடியும் தோட்டமும் உள்ள வீடு.

அவள் கணவர் துறைமுகச் சுங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதைத் துணி கட்டிக்கொடுத்த நேரத்தில் அவளே சொன்னாள், வேறு யாருக்கோ நடந்ததுபோல.

திங்கட்கிழமை முசியேயிடம் சொன்னேன். சொன்னதும் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. அவர் உடனே போய்வா என்றார். துக்கம் கேட்கிற இடத்தில் வாடகை பேசுவதா என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

"வேற எவனாவது பேசத்தான் போறான். நீ பேசினா கொஞ்சம் மரியாதையாப் பேசுவ. அதுக்காவது போ."

ஊதுவத்திக் கட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். பழக்கத்தில் ஃபைலையும் அக்குளில் இடுக்கிக்கொண்டே போய்விட்டேன். கேட் திறந்தே கிடந்தது. கூடத்தில் சவப்பெட்டி, அவர்கள் வழக்கத்தில் சில நாள் வீட்டில் வைத்திருப்பார்கள். வாசல் பந்தலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேரை நான் காப்பிக்கடையில் பார்த்திருக்கிறேன். ஒருவர் மாடிச் சுவரை அண்ணாந்து பார்த்து மற்றவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஊதுவத்தி ஏற்றி, அவர்கள் வழக்கப்படி வணங்கினேன். அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து வந்தாள்.

"துணிக்குக் காசு குறைஞ்சுபோச்சா?"

இல்லை, வெறுமே வந்தேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எனக்கு வாடகை என்ற சொல்லே நாவில் வரவில்லை. திரும்பிவிட்டேன். அந்தத் தரகர்களைப்போல நான் நடந்துகொள்ளவில்லை என்ற திருப்தி எனக்கு இருந்தது. உண்மையைச் சொன்னால், திருப்தி என்பதைவிடக் கர்வம்தான் அது. படித்தவள் அல்லவா. முசியே டைப் அடிக்க ஒரு கத்தை காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

நாட்கள் போயின. தெத்துக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. சந்தைப் பக்கமெல்லாம் மஞ்சள் பூக்கிளைகளும் குட்டி ஆரஞ்சு மரங்களும் வந்து இறங்கின. மேசை என் கையைவிட்டுப் போய்விட்டது என்று நான் ஏறக்குறைய முடிவு கட்டியிருந்த ஒரு சனிக்கிழமை அவள் கடைக்கு வந்தாள். சட்டையில் துக்கத்துக்காகக் கறுப்புத் துண்டுத் துணி குத்தியிருந்தாள். எதுவும் வாங்க வரவில்லை. துணிச் சுருள்களுக்குப் பின்னால் என்னை அழைத்துப்போய், தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அன்னைக்கு நீ ஊதுவத்தி மட்டும் கொடுக்க வரல. அக்குள்ல காகிதம் வச்சிருந்தே. என்ன கேக்க வந்தே?"

அக்கா என்று அழைத்து, உண்மையைச் சொன்னேன். வீட்டை வாடகைக்கு விடும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்க வந்தேன், கேட்க மனம் வரவில்லை.

"பின்னே ஏன் கேக்காம போனே? வந்தவங்க எல்லாம் வித்துடு வித்துடுன்னாங்க. வாடகைக்குக் கேக்கறவங்க ஒருத்தராவது வரமாட்டாங்களான்னு நான் உக்காந்திருந்தேன்."

நின்றவாக்கில் அவள் தன் நிலைமையைச் சொன்னாள். கணவரின் அண்ணன் வுங் டாவில் மீன்பிடிப் படகுகள் வைத்திருப்பவர். கெட்டவர் இல்லை. வீட்டை விற்றுவிட்டுக் குழந்தைகளோடு அங்கே வந்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். ஆள் துணையில்லாத பெண் இத்தனை பெரிய வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்பது அவர் வாதம். பெண்கள் இரண்டு பேரும் இங்கே நல்ல பள்ளியில் படிக்கிறார்கள். வுங் டாவுக்குப் போனால் படிப்பு நின்றுவிடும், மீன் காயவைக்கத்தான் அனுப்புவார்கள். வாடகைக்கு விட்டுவிட்டுக் கான் ஹொயில் அவளுடைய தங்கை வீட்டுச் சந்தில் ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டால், பள்ளியும் நிற்காது, வீடும் நிற்கும். தெத்துக்கு அண்ணன் வருவார். அதற்குள் வாடகை உறுதியாகியிருந்தால் காட்டலாம். இல்லாவிட்டால் அவர் சொன்னபடி விற்க வேண்டியதுதான்.

பெண்களின் படிப்பு என்று அவள் சொன்ன இடத்தில் என் மேசை எனக்கு மறந்துபோனது. மறந்துபோனது என்று எழுதுவது முழு உண்மை இல்லை. இரண்டும் ஒன்றாகக் கலந்துகொண்டன.

அவளுக்குச் சில நிபந்தனைகள் இருந்தன. முன்னறையை ஒட்டிய சிறிய அறையில் கணவரின் படம் வைத்துப் பீடம் அமைத்திருந்தாள். துக்க காலம் முடியும்வரை அதை அங்கிருந்து எடுக்க முடியாது. கான் ஹொய் அறையில் படுக்கவே இடம் போதாது, படத்தை எங்கே வைப்பது. அதைவிட முக்கியம், தெத்துக்கு இறந்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். இவர் முதல் தடவையாக வரப்போகிறார்.

"புது எடத்துக்கு வழி தெரியாம நடுத்தெருவுல நிப்பாரு" என்றாள்.

ஆகவே, குடிவருகிறவர் தெத் முடிந்துதான் வர வேண்டும். வந்த பிறகும் அந்த அறை பூட்டியே இருக்கும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், அவர்கள் கணக்கில் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அவள் வந்து ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போவாள்.

முசியே கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். வீடு அருமையான வீடு. ஆனால் வாடகை முழுதாக வாங்கிக்கொண்டு ஓர் அறையைப் பூட்டி வைத்தால் எவன் வருவான், உள்ளே என்ன என்று கேட்டால் செத்தவர் இருக்கிறார் என்றா சொல்வது என்றார். அந்த அறையைக் குடிவருகிறவரிடம் சாமான் அறை என்று சொல்லிவிடலாமே என்றும் ஒரு யோசனை சொன்னார். போய்ச் சொன்னபோது அதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. வருகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாமல் ஒரே கூரையின் கீழ் இருவரை வைப்பது மரியாதை இல்லை என்றாள். இருவர் என்று அவள் சொன்னது குடிவருகிறவரையும் தன் கணவரையும்.

வீடு கேட்டு நடைபாதையில் நின்றவர்களை நான் ஒவ்வொருவராக அழைத்துப்போனேன். முதலில் ஒரு கணவன் மனைவி. தோட்டம் பிடித்திருந்தது, மாடி பிடித்திருந்தது. பூட்டிய அறையின் கதையைச் சொன்னதும் அந்த அம்மாள் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள், உள்ளே வரவே இல்லை. அடுத்தவர் சர்க்கார் அதிகாரி, வியட்நாமியர். அவருக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததனாலேயே மறுத்தார், இன்னொரு குடும்பத்தின் இறந்தவரோடு எங்கள் முன்னோர்களை எப்படி வைப்பது என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. ஒரு வங்கிக்காரர் பாதி வாடகைக்குக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவள் ஜன்னலருகே நின்று, வந்தவரின் முதுகு கேட்டைத் தாண்டிப் போவதைப் பார்ப்பாள். என்னைக் குறை சொல்ல மாட்டாள். 'தேநீர் குடிச்சிட்டுப் போ' என்பாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்பா ஒரு நாள் சாப்பிடும்போது தானாகக் கேட்டார், அந்தச் சுங்கக்காரர் வீடு என்ன ஆயிற்று என்று. கடையில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஆகவில்லை என்றேன்.

"அந்த அம்மா பொண்ணுங்க படிக்குதுங்களாமே" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "விட்டுடாத."

அவ்வளவுதான் பேசினார். சனிக்கிழமைகளைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

தெத் நெருங்கிவிட்ட நேரத்தில் நெடுநெடுவென்று ஓர் அமெரிக்க இன்ஜினியர் வந்தார். தூ டுக் பக்கம் சாலை போடும் கம்பெனியில் இருப்பவர். தனியாள். நான் ஆங்கிலத்தில் ஒரு பெரிய விளக்கமே தயார் செய்து வைத்திருந்தேன். இந்த நாட்டில் இறந்தவர்களை எப்படி மதிக்கிறார்கள், துக்க காலம் என்றால் என்ன, படம் ஏன் நகரக் கூடாது. வழியில் காரிலேயே அதை மனத்துக்குள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகப் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் விழும் வேகத்தைப் பார்த்தார். மாடிக்கு ஏறித் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். கரண்ட் எந்த நேரத்தில் போகும் என்று கேட்டார். பிறகு பூட்டிய அறையைக் காட்டி இது என்ன என்றார்.

நான் விளக்கத்தைத் தொடங்கினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். காலையில் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று மட்டும் கேட்டார். தான் பல நாள் இரவு வேலை முடிந்து விடிந்த பிறகுதான் படுப்பதாகச் சொல்லி, மணி, மேளம் ஏதாவது அடிப்பார்களா என்றார். அதெல்லாம் கிடையாது, ஊதுவத்திதான் என்றேன். அப்படியானால் சரி என்றார். தெத் விடுமுறைக்குத் தான் எப்படியும் வெளியூர் போவதால், அது முடிந்து குடிவருவதே வசதி என்றும் சொன்னார். இத்தனை வாரங்களாக எங்களை அலைக்கழித்த இரண்டு நிபந்தனைகளும் அவருக்கு நிபந்தனையாகவே படவில்லை.

அவள் மட்டும் திருப்தியடையவில்லை. அவர் புரிந்துகொண்டாரா என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். கடைசியில் தானே அறையைத் திறந்து, அவரை உள்ளே வரச்சொன்னாள். அவர் தலையைக் குனிந்து நிலைப்படியைக் கடந்தார். படத்தைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அலுவலகத்தில் ஒரு மேலதிகாரிக்குச் சொல்வதுபோலத் தன் பெயரைச் சொன்னார். எங்கிருந்து வருகிறார், என்ன வேலை என்றும் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். யாருக்காக மொழிபெயர்க்கிறேன் என்ற யோசனை வரவில்லை. அவள் தலையசைத்து, சரி, அவர் கேட்டுக்கொண்டார் என்றாள்.

வுங் டாவிலிருந்து வந்த அண்ணனிடம் ஒப்பந்தத்தை நான்தான் படித்துக் காட்டினேன். அவர் கறுத்து உரமேறிய மனிதர், கடல் வெயில். நீ யார் என்று என்னைக் கேட்டார். அவள் நான் சொல்வதற்கு முன்னால், இது என் தரகர் என்றாள். அவர் பீட அறைக்குள் போய்த் தம்பியின் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். வெளியே வந்தபோது விற்கும் பேச்சை எடுக்கவில்லை. பெண்கள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று அப்போதுதான் முதன்முதலாக விசாரித்தார்.

முசியே சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தெத் முடிந்து அலுவலகம் திறந்த அன்று, ஜன்னலோரம் ஒரு மேசை இருந்தது. புதிது அல்ல, ஆனால் இழுப்பறை உண்டு. எதிரே நாற்காலியும் போட்டிருந்தார். கார்டில் என் பெயரைப் பிரெஞ்சிலும் வியட்நாமிய மொழியிலும் அச்சடித்திருந்தார்கள். தமிழிலும் வேண்டும் என்று கேட்டேன். அச்சகத்தில் தமிழ் எழுத்து இல்லை. டைப் அடிக்க ஆள் கிடைக்கும்வரை அதையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முசியே சொன்னது வேறு விஷயம்.

வருடத்தின் முதல் பௌர்ணமி அந்த ஊரில் பெரிய நாள். அறையின் சாவி என்னிடம் இருந்தது. இரு தரப்புக்கும் பொதுவாக ஏஜென்ட் வைத்திருப்பது என்று ஏற்பாடு. அன்று காலை கான் ஹொயிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே சிக்லோ ரிக்‌ஷாவில் போனோம். அவள் மடியில் பழமும் பூவும் வைத்திருந்தாள். இன்ஜினியர் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் ஓசைப்படாமல் நடந்தாள். முன்னறையில் அவளுடைய பழைய திரைகள் இல்லை. அவர் ஏதோ பச்சை நிறக் கான்வாஸைத் தொங்கவிட்டிருந்தார். அதை ஒரு கணம் பார்த்துவிட்டு மேலே நடந்தாள். நான் அறையைத் திறந்துவிட்டு, ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே நின்றேன்.

அவள் ஊதுவத்தி ஏற்றிவிட்டு வந்தபோது, இன்ஜினியரின் சமையற்காரி கூடத்தில் எங்கள் இருவருக்கும் தேநீர் வைத்திருந்தாள். விருந்தாளிக்கு வைப்பதுபோல, தட்டோடு, நல்ல கோப்பையில். அவள் உட்காருவதா வேண்டாமா என்று நின்றாள். பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாடியில் தூங்குகிறவர் எழுந்துவிடப்போகிறார் என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

"இந்த வீட்டுல யாரும் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்ததே இல்ல" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவரு இருந்தப்பகூட."

கோப்பையைக் காலி செய்துவிட்டு, ஜன்னலின் கான்வாஸை விரலால் லேசாக விலக்கி எதிர்ப்பக்கம் காட்டினாள். முன்பு உள்ளிருந்தே குரல் கொடுத்து என்னைத் திருப்பியனுப்பிய வீடு. எதிர் வீட்டு அம்மாளின் மகன் பிரான்சுக்குப் படிக்கப் போய்விட்டானாம். மாடி முழுக்கக் காலியாகக் கிடக்கிறதாம். அந்த அம்மாள் கொஞ்சம் பயந்த சுபாவம், யார் வந்தாலும் கேட்டைத் திறக்க மாட்டாள்.

"வா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். "நான் முன்னால போறேன். நீ அந்தக் காகிதத்த மட்டும் கொஞ்சம் மறச்சுக்கோ."